பாம்பு முட்டையிடுவதிலிருந்து குட்டி வெளிவரும் வரை: டர்பன் வட்டாரத் தமிழர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று எங்கே குடியிருந்தாலும் நம் வீடுகளுக்குப் பின்னால் ஒரு சரிவோ, புதரோ, கரும்புக் காடோ இருக்கும். அங்கே பாம்பும் இருக்கும். இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கம்போஸ்ட் குவியலைக் கிளறும்போது ஏழெட்டு வெள்ளை முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தால், என்ன செய்வது என்று தெரியாமல் மண்வெட்டியால் கொத்துகிறவர்கள், பாரஃபின் ஊற்றிக் கொளுத்துகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தாய்ப்பாம்பு பழிவாங்க வரும் என்று மூன்று நாள் கதவைத் திறக்காமல் கிடந்தவர்களும் உண்டு.

பாம்பின் ஒரு வருடத்தை இந்தக் கட்டுரை வரிசையாகச் சொல்லும். எந்த மாதத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதி நியாயமான பயம். அதை வைத்துக்கொள்ளலாம்.

1. முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்: முட்டையா, குட்டியா?

எல்லாப் பாம்பும் முட்டையிடுவதில்லை. நம் குவாசூலு நட்டால் பகுதியில் முட்டையிடுகிறவை: கறுப்பு மாம்பா, பச்சை மாம்பா, விஷம் துப்பும் மொசாம்பிக் நாகம், பூம்ஸ்லாங் என்ற விஷமுள்ள மரப்பாம்பு, மலைப்பாம்பு, பழுப்பு வீட்டுப் பாம்பு, ஹெரால்ட், புள்ளிப் புதர்ப் பாம்பு, மண்ணுக்குள் வாழும் ஸ்டிலெட்டோ. நேராகக் குட்டி போடுகிறவை: பஃப் ஆடர், காபூன் ஆடர் என்ற விரியன்கள், மோல் ஸ்நேக், நத்தை தின்னும் சின்னப் பாம்பு, மேட்டு நிலங்களில் வாழும் ரிங்காள்ஸ். ரிங்காள்ஸ் படமெடுக்கும், விஷமும் துப்பும். பார்த்தால் நாகம் என்றுதான் சொல்லுவோம். ஆனால் நாகங்கள் முட்டையிட, இது மட்டும் இருபது முப்பது குட்டி போடும்.

விரியன் வகை எல்லாமே குட்டி போடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கும் நம் தோட்டத்திலேயே விதிவிலக்கு இருக்கிறது: தேரை தின்னும் நைட் ஆடர். இது விரியன்தான், ஆனால் முட்டையிடும்.

குட்டி போடும் பாம்பு என்றால் மனிதர் போலப் பிரசவிக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கரு தாயின் வயிற்றுக்குள்ளேயே வளர்கிறது. ஓடு உருவாகாமல் மெல்லிய சவ்வு மட்டும் இருக்கும். குட்டி அந்தச் சவ்வோடு வெளியே வந்து உடனே கிழித்துக்கொண்டு ஊர்ந்து போய்விடும். குளிர் அதிகமான இடங்களில் இந்த முறைக்கு லாபம் உண்டு. மண்ணுக்குள் விட்ட முட்டை குளிரில் விறைத்துப் போகலாம். வயிற்றில் சுமக்கும் தாயோ வெயில் இருக்கும் இடமாகப் பார்த்துப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

எண்ணிக்கையில் பஃப் ஆடரை யாரும் மிஞ்ச முடியாது. சாதாரணமாக இருபதிலிருந்து நாற்பது குட்டி. கென்யாவைச் சேர்ந்த ஒரு தாய், செக் நாட்டு மிருகக்காட்சிசாலை ஒன்றில் 156 குட்டி போட்டதுதான் பாம்புகளில் சாதனை.

ஆக, பின்பக்கம் குட்டிப் பாம்புகள் நிறையத் தெரிந்தால் உடைந்த முட்டை ஓட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஓடே இல்லாமல் இருக்கலாம்.

2. மாதக் கணக்கு

தமிழ்நாட்டுப் பாம்புப் புத்தகத்தை இங்கே வைத்துப் படித்தால் மாதங்கள் ஒன்றுமே பொருந்தாது. அங்கே பங்குனி, சித்திரையில் வெயில்; இங்கே மார்கழி, தையில். நம் பண்டிகைகளை வைத்தே கணக்குப் போடலாம், அது மனதிலும் நிற்கும்.

ஆடிக் கூழ் ஊற்றும் ஜூலை, ஆகஸ்டில் குளிர். பாம்புகள் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும், வெயில் அடிக்கும் மத்தியானங்களில் மட்டும் தலை காட்டும். டர்பன் கடலோரம் முழுசாக உறைகிற ஊர் இல்லை என்பதால் இங்கே முழு உறக்கம் கிடையாது. கறுப்பு மாம்பாக்கள் இந்தக் குளிர் மாதங்களிலேயே ஜோடி தேட ஆரம்பித்து வசந்தம் வரை அலையும்.

புரட்டாசி விரதம் வரும் செப்டம்பர், அக்டோபரில் மற்ற பாம்புகளும் கிளம்பிவிடும். நாம் கறியை விட்டிருக்கும் மாதம் அவற்றுக்கு இரை தேடும் மாதம். தீபாவளியை ஒட்டி மழை பிடித்ததும் முட்டையிடத் தொடங்கும். நவம்பர், டிசம்பரில் அது உச்சம். தைப்பூசக் காவடி முடிந்து பிப்ரவரி, மார்ச் வரும்போது முட்டைகள் பொரிக்கும். பஃப் ஆடர் குட்டி போடுவதும் கோடையின் கடைசியில்தான். ஈஸ்டர் விடுமுறைக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகும் சமயத்தில் பென்சில் பருமன் குட்டிகள் கராஜிலும் குளியலறையிலும் தட்டுப்படும்.

தோட்டக்காரருக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: கம்போஸ்ட் குவியலைத் தலைகீழாகக் கிளறும் வேலையை ஆகஸ்டில் ஒரு முறையும், மே மாதத்தில் ஒரு முறையும் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை மேலே போடுவதோடு நிறுத்துங்கள்.

3. பின்னிக்கொண்டு நிற்பது ஜோடி இல்லை

நம் தாத்தாமார் ஊரிலிருந்து கொண்டுவந்த கதைகளில் ஒன்று, சாரைப்பாம்பும் நல்லபாம்பும் பிணையும் என்பது. வயலில் இரண்டு பாம்பு உடம்பை முறுக்கிக்கொண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி ஆடும். அதைப் பார்த்துத்தான் இந்தக் கதை வந்தது. உண்மையில் அவை இரண்டும் சாரை, இரண்டும் ஆண். பெண்ணுக்காக மல்லுக்கட்டுகின்றன.

இங்கே அதே காட்சியைக் கறுப்பு மாம்பா காட்டும். வெஸ்ட்வில், குயீன்ஸ்பர்க், சாட்ஸ்வர்த் சரிவுகளில் இது அபூர்வமும் இல்லை. இரண்டு ஆண்களும் கழுத்தைக் கழுத்தால் அழுத்தி, எதிராளியின் தலையைத் தரையில் படவைக்கப் பார்க்கும். கடிப்பதில்லை. மணிக்கணக்கில் நடக்கும். தோற்றது நழுவிப் போய்விடும். இதை போனில் படம் எடுத்து "மாம்பா கல்யாணம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்.

வித்தியாசம் தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. தலையும் கழுத்தும் மேலே எழும்பி முறுக்கிக்கொண்டிருந்தால் சண்டை. உடம்பு தரையிலே கிடந்து, ஒன்றின் மேல் இன்னொன்று படுத்து, வால்பகுதி மட்டும் சேர்ந்திருந்தால் அது இணைசேர்தல். சேர்க்கை சத்தமில்லாத காரியம், பெரும்பாலும் நம் கண்ணிலேயே படாது.

ஆண் எப்படிப் பெண்ணைக் கண்டுபிடிக்கிறது? மணத்தால். தயாரான பெண்ணின் தோலிலிருந்து வரும் ரசாயன வாசனை அது ஊர்ந்த வழியெல்லாம் படிந்திருக்கும். தோல் உரித்தபின் இந்த வாசனை இன்னும் தூக்கலாக இருக்கும். ஆண் நாக்கை நீட்டி நீட்டி அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே வரும். ஒரே தோட்டத்தில் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து இரண்டு மூன்று பாம்பு பிடிபட்டால், "கொன்ற பாம்பின் ஜோடி தேடி வந்துவிட்டது" என்று பயப்படுவோமே, அதன் பின்னணி இதுதான். வந்தது பழிக்கு இல்லை, வாசனைக்கு.

சண்டையோ சேர்க்கையோ, பார்த்தால் செய்ய வேண்டியது ஒன்றே. பிள்ளைகளையும் நாயையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துங்கள். கல் எறியாதீர்கள். முடிந்ததும் அவை தானாகவே போய்விடும். வீட்டுச் சுவரை ஒட்டி நடந்தால் மட்டும் பாம்பு பிடிப்பவரை அழையுங்கள்.

4. வயிற்றுக்குள் நடப்பது

ஆண் பாம்புக்கு வால் அடியில் இரட்டை உறுப்பு உண்டு. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் பயன்படுத்தும். அதனால் ஆணின் வால் அடிப்பகுதி கொஞ்சம் தடித்து நீண்டிருக்கும். பெண்ணுக்கு வால் சட்டென்று மெலியும். பழகிய கண்ணுக்கு இது தெரியும், நமக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

சேர்க்கை முடிந்ததும் கரு உடனே உருவாக வேண்டும் என்றில்லை. பெண் விந்தணுவை உடம்புக்குள் சேமித்து வைத்துக்கொள்ள முடியும். நைட் ஆடர் ஒரே சேர்க்கைக்குப் பிறகு ஒரு தடவைக்கு மேல் முட்டையிட்ட பதிவுகள் உண்டு. வீட்டுப் பாம்பும் ஒரே பருவத்தில் இரண்டாம் முறை முட்டையிடும். தனியாக அடைத்து வைத்த பாம்பு மாதங்கள் கழித்து முட்டையிட்டால் அதிசயமும் இல்லை, தெய்வக் குற்றமும் இல்லை.

சினைப்பாம்பை அடையாளம் காண இரண்டு மூன்று குறிகள். உடம்பின் பின்பாதி உப்பி, பக்கவாட்டில் செதில்கள் பிரிந்து நடுவே தோல் தெரியும். இரை எடுப்பதைக் குறைத்து, கடைசியில் அறவே நிறுத்திவிடும். எப்போதும் வெயிலில் கிடக்கும். முட்டையிடுவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் பல பாம்புகள் ஒரு முறை தோல் உரிக்கும். நவம்பரில் தாங்குசுவரை ஒட்டிப் புதிதாக உரித்த சட்டை கிடந்தால், அந்தச் சுவரைக் கொஞ்ச நாளைக்குக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சின்ன விலகல். ஆணே தேவையில்லாத பாம்பு ஒன்று நம் பூந்தொட்டியில் இருக்கிறது. மண்புழு மாதிரியே கறுப்பாக, ஒரு சாணுக்கும் குறைவாக இருக்கும் புழுப்பாம்பு. இந்தியாவிலும் அந்தப் பக்கத்து நாடுகளிலும் இருந்தது, செடித்தொட்டி மண்ணோடு கப்பலேறி உலகம் முழுக்கப் பரவி, டர்பனிலும் குடியேறிவிட்டது. இந்த இனத்தில் எல்லாமே பெண். ஆண் இல்லாமலே அரிசி போன்ற சில முட்டைகளை இட்டு, தன்னைப் போலவே பெண்களைப் பெறும். ஒற்றைப் பாம்பு ஒரு தொட்டியில் வந்து இறங்கினாலே போதும், ஒரு கூட்டம் உருவாகிவிடும். கடிக்காது, விஷம் இல்லை, எறும்பு முட்டையும் கறையானும்தான் சாப்பாடு. தொட்டி மாற்றும்போது பார்த்தால் விட்டுவிடுங்கள்.

5. எங்கே இடும்?

ராஜநாகம் ஒன்றுதான் இலையைக் கூட்டிக் கூடு கட்டும் பாம்பு. அது இங்கே கிடையாது. நம் பாம்புகள் யாரோ செய்து வைத்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறவை. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று சும்மாவா சொன்னார்கள்.

அதற்குத் தேவை மூன்று: வெதுவெதுப்பு, ஈரப்பதம், மறைவு. மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது கம்போஸ்ட் குவியலில். மக்கும் இலை தானாகவே சூடு தரும். அதற்கு அடுத்தது லோஃபெல்ஸ்டீன் என்ற கான்கிரீட் கட்டிகளை அடுக்கிய தாங்குசுவர். டர்பன் மேடுகளில் வீடு கட்டிய எல்லோரிடமும் இருக்கிறது. பகலில் கான்கிரீட் வாங்கிய சூடு இரவு முழுக்க உள்ளே இருக்கும், பின்னால் ஈர மண், முன்னால் செடி மறைப்பு. பாம்புக்கென்றே கட்டியது போல இருக்கும். அப்புறம் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு அடுக்கு, கட்டடம் இடித்த கல் குவியல், கரும்புச் சோகை மேடு, மரத்தூள், பட்டுப்போன மரப்பொந்து. பூம்ஸ்லாங்கும் பச்சை மாம்பாவும் மரப்பொந்தை விரும்பும். வீட்டுப் பாம்பு தண்ணீர் மீட்டர் பெட்டிக்குள்கூட இட்டுவிடும்.

கறையான் புற்றும் இந்தப் பட்டியலில் உண்டு. கோயில் புற்றுக்குப் பால் ஊற்றுவதும் முட்டை வைப்பதும் நம் பழக்கம். பக்தியை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் பாம்பு பால் குடிக்காது; உள்ளே ஊற்றிய பாலால் எறும்பு சேரும், பூஞ்சணம் பிடிக்கும். கோடை மாதங்களில் பாலைப் புற்றின் வாயில் ஊற்றாமல், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்தால் பூசையும் ஆகும், உள்ளே இருப்பதும் பிழைக்கும்.

6. முட்டையைக் கண்டால்

நடைமுறையில் அதிகம் உதவப் போவது இந்தப் பகுதிதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

*யாருடைய முட்டை?* மின்சாரப் பெட்டிக்குள், கதவு இடுக்கில், படச்சட்டத்தின் பின்னால் உருண்டையாக, கெட்டியான ஓட்டோடு இரண்டு முட்டை சேர்ந்து ஒட்டியிருந்தால் அது பல்லி முட்டை. "பாம்பு முட்டை" என்று பதறிக் கூப்பிடுகிறவர்களில் பலர் பார்த்தது இதைத்தான். பாம்பு முட்டை நீளவாக்கில் இருக்கும். வெள்ளை அல்லது பால் நிறம். ஓடு கோழி முட்டை போல் உடையாது, மெல்லிய தோல் மாதிரி அமுங்கும். இட்டபோது ஈரமாக இருப்பதால் காய்ந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். உடும்பு முட்டையும் தோல் மாதிரிதான், அளவு பெரிது, பெரும்பாலும் கறையான் புற்றுக்குள்.

அளவு ஓரளவுக்குத்தான் உதவும். புதர்ப் பாம்பின் முட்டை ஒல்லியாக, விரல் கணு நீளத்துக்கு இருக்கும். வீட்டுப் பாம்பும் நைட் ஆடரும் மூன்று நான்கு சென்டிமீட்டர். கறுப்பு மாம்பாவினுடையது ஆறு ஏழு சென்டிமீட்டர், ஒரு தடவைக்கு ஆறிலிருந்து பதினேழு வரை. துப்பும் நாகம் பத்திலிருந்து இருபத்திரண்டு. மலைப்பாம்பு முட்டை ஆரஞ்சுப் பழப் பருமன். அதைப் பார்த்தால் சந்தேகமே வராது. நடுத்தர அளவு முட்டையை மட்டும் வைத்து "இது விஷமில்லாதது" என்று முடிவு கட்டாதீர்கள். என்னைக் கேட்டால், அடையாளம் தெரியாத கொத்து எல்லாமே மாம்பா முட்டை என்று நினைத்து நடந்துகொள்வதுதான் புத்தி.

*தாய் எங்கே?* போய்விட்டது. மலைப்பாம்பு தவிர நம் தோட்டத்துப் பாம்புகள் முட்டையிட்டதும் கிளம்பிவிடும். காவலும் இல்லை, பாசமும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. ஆனால் அது அதே சரிவில்தான் குடியிருக்கும், அதே இடத்தை அடுத்த வருடமும் தேடி வரலாம். வெறும் கையை இடுக்குக்குள் விட்டுத் துழாவ வேண்டாம்.

*உயிர் இருக்கிறதா?* நல்ல முட்டை வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். மண்ணின் ஈரத்தை உறிஞ்சி நாளாக ஆகக் கனம் கூடும். லேசாகக் குழிந்திருந்தால் வறண்டுவிட்டது என்று அர்த்தம், செத்துவிட்டது என்று இல்லை. மஞ்சளாகி, கொழகொழத்து, பூஞ்சணம் பூத்து நாறினால் அது கெட்டது. இருட்டில் போன் டார்ச்சை முட்டையோடு ஒட்டிப் பிடித்தால், உயிருள்ள முட்டைக்குள் இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் மெல்லிய ரத்த நாளங்கள் வலை மாதிரி ஓடுவது தெரியும். மலட்டு முட்டை ஒரே மஞ்சள். முட்டையைத் தூக்காமல், இருந்த இடத்திலேயே பாருங்கள்.

*புரட்டவே கூடாது.* கோழி முட்டையைத் தினமும் திருப்பி வைக்க வேண்டும். பாம்பு முட்டைக்கு நேர் எதிர். இட்ட ஒன்றிரண்டு நாளில் கரு ஓட்டின் மேல்பக்க உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைத் தலைகீழாகத் திருப்பினால் மஞ்சள் கரு அதன் மேல் அழுந்தி, கரு செத்துவிடும். பாம்பு பிடிப்பவர்கள் முட்டையை எடுக்குமுன் மென்மையான பென்சிலால் மேல்பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போடுவார்கள். கோடு எப்போதும் வானத்தைப் பார்க்க வேண்டும். ஒட்டியிருக்கும் கொத்தைப் பிரிக்க மாட்டார்கள், பிய்த்தால் ஓடு கிழியும். இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவில் வெர்மிகுலைட் என்ற, ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகளை நனைத்துப் போட்டு, முட்டையைப் பாதி புதைத்து, மூடியில் நாலைந்து ஊசித் துளை குத்தி, 27 முதல் 29 டிகிரி வெப்பத்தில் வைத்துப் பொரிக்க வைப்பார்கள். ஒரு டப்பா ஈரமணல் இருந்தாலே ஆசை வந்துவிடும், எனக்குத் தெரியும். ஆனால் இந்த மாகாணத்தில் உள்நாட்டுப் பாம்பை வைத்துக்கொள்ள எஸெம்வெலோ வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும். பதினைந்து மாம்பா குட்டி ஒரே நாளில் டப்பாவை விட்டு வெளியே வரும் சமையலறையையும் யோசித்துப் பாருங்கள்.

*சரி, நீங்கள் என்ன செய்யலாம்?* வீட்டிலிருந்து தள்ளி, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் இருந்தால், எடுத்த இலைக் குப்பையை அப்படியே மேலே மூடிவிட்டு, ஏப்ரல் வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். வாசலை ஒட்டியோ, பிள்ளைகள் விளையாடும் இடத்திலோ இருந்தால் பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள். ஆப்பிரிக்கன் ஸ்நேக்பைட் இன்ஸ்டிட்யூட்டின் இலவச ஆப்பில் பகுதிவாரியாக எண்கள் இருக்கின்றன. முட்டை கிடைப்பதற்கு முன்னாலேயே அதை போனில் போட்டு வையுங்கள். கொளுத்துவது, பாரஃபின் ஊற்றுவது வேண்டாம். கம்போஸ்டும் கெடும், தீயும் பிடிக்கும்.

7. மலைப்பாம்பு: தாய் என்று சொல்லத் தகுந்தது

மற்ற பாம்புகளுக்கு நான் சொன்ன "பாசமில்லை" என்ற விதி மலைப்பாம்பிடம் செல்லாது. முப்பதிலிருந்து அறுபது முட்டை, பெரிய தாய் என்றால் நூறை நெருங்கும். கறையான் தின்னும் ஆர்ட்வார்க் என்ற விலங்கு தோண்டிவிட்ட வளை போன்ற ஆழமான குழிக்குள் இட்டு, அவற்றைச் சுற்றிச் சுருண்டு படுத்துக்கொள்ளும்.

இந்தியாவின் மலைப்பாம்பு அடைகாக்கும்போது தசைகளை விட்டு விட்டு இழுத்து நடுங்கும். அந்த நடுக்கத்தில் பிறக்கும் சூட்டால் முட்டைகளைக் காக்கும். தென்னாப்பிரிக்க மலைப்பாம்புக்கு அந்த வித்தை இல்லை. இது வேறொன்று செய்கிறது. விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் கிரஹம் அலெக்சாண்டர், பிரிட்டோரியாவுக்கு வடக்கே டினோக்கெங் காப்பகத்தில் மலைப்பாம்புகளுக்கு ரேடியோ கருவி பொருத்தி, வளைகளுக்குள் கேமராவும் வைத்துப் பல வருடம் கவனித்து, 2018-ல் வெளியிட்ட ஆய்வில் அது விளக்கமாக இருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் பெண்ணின் நிறமே கறுத்துவிடும். கறுப்பு வெயிலை வேகமாக வாங்கும். வளையின் வாயில் வெயில் காய்ந்து, உடம்புச் சூடு கிட்டத்தட்ட 40 டிகிரி வரை ஏறியபின் உள்ளே போய் முட்டைகளைச் சுற்றிக்கொள்ளும். சூடு இறங்கினால் மறுபடி வெளியே. வெயிலைச் சுமந்துபோய் உள்ளே இறக்கிவைக்கிற வேலை.

முட்டைகள் பொரித்த பிறகும் தாய் கிளம்புவதில்லை. ஏறக்குறைய இரண்டு வாரம் குட்டிகளோடு இருக்கும். குட்டிகள் பகலில் வளை வாயில் வெயில் காயும், ராத்திரியில் தாயின் சுருளுக்குள் வந்து படுக்கும். முட்டையிடும் பாம்பு ஒன்று குட்டிகளைப் பராமரிப்பதை முதன்முதலாகப் பதிவு செய்தது இந்த ஆய்வுதான்.

இதற்கான விலை பெரிது. இனப்பெருக்கச் சுற்று முழுக்க, ஏறத்தாழ ஆறு மாதம், தாய் ஒன்றும் தின்பதில்லை. உடம்பு எடையில் 40 சதவீதம் வரை போய்விடும். அதனால் வருடா வருடம் முட்டையிட முடியாது. தேறி வர இரண்டு மூன்று வருடம் ஆகும். சில தேறாமலே செத்தும் போகும். ஒரு பெண் மலைப்பாம்பைக் கொன்றால் அத்தனை வருட உழைப்பும் போச்சு. அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இனமும்கூட. கரும்புக் காட்டு ஓரத்தில், எரித்து வெட்டும் நேரத்தில், கறுத்துப்போன பெரிய மலைப்பாம்பு ஒரு வளையை விட்டு நகராமல் கிடந்தால் கண்காணியிடம் சொல்லி அந்தத் துண்டை விட்டுவைக்கச் சொல்லுங்கள். சோளத்தையும் கரும்பையும் தின்னும் எலிகளைக் குறைப்பது அதுதான்.

8. பொரிக்கும் நாள்

இட்டதிலிருந்து இரண்டு மூன்று மாதம். சூடு அதிகம் என்றால் சீக்கிரம், குறைவு என்றால் தாமதம். பூம்ஸ்லாங்குக்கு 65 நாளும் ஆகலாம், 100 நாளும் ஆகலாம். முதலையில் போல இங்கே சூடு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதில்லை. அது கருவிலேயே முடிவாகிவிடுகிறது.

பொரிப்பதற்குச் சில நாள் முன்னால் முட்டை விறைப்பு தளர்ந்து, கொஞ்சம் சுருங்கும், சில இடத்தில் வியர்க்கும். அப்புறம் ஓட்டின் மேல்பக்கத்தில் ஒரு கீறல். பிளேடால் இழுத்தது போல நேராக, சில சமயம் பக்கத்திலேயே இரண்டு மூன்று. குட்டியின் மூக்கு நுனியில் இருக்கும் சின்ன முட்டைப்பல்லின் வேலை அது. சில நாளில் விழுந்துவிடும். கீறலில் முதலில் ஒரு துளி திரவம் கசியும். பிறகு மூக்கு நுனி மட்டும் வெளியே வரும், நாக்கு ஒரு முறை நீளும். அசைவு தெரிந்தால் உடனே உள்ளே போய்விடும். இப்படியே ஒரு நாள், இரண்டு நாள்கூடக் கிடக்கும். நமக்குப் பொறுமை போய், "சிக்கிக்கொண்டது பாவம்" என்று ஓட்டைக் கிழித்துவிடத் தோன்றும். தொடக்கூடாது. அந்த நேரத்தில் குட்டி மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதுதான் அதற்கு முதல் சில நாள் சாப்பாடு. முன்கூட்டியே வெளியே இழுத்தால் மஞ்சள் கருப் பையோடு வந்து செத்துவிடும்.

வெளிவந்த ஏழு முதல் பத்து நாளில் முதல் தோல் உரிப்பு. பெரும்பாலானவை அதற்குப் பிறகுதான் வேட்டையாடும். பெருவாரியானவை முதல் வருடத்தைத் தாண்டாது; கீரி, உடும்பு, பறவை, பெரிய பாம்பு, நம் பூனை.

9. குட்டி வீட்டுக்குள் வந்தால்

"குட்டிதானே" என்ற அலட்சியத்தில் வரும் கடிகள்தான் இந்தப் பருவத்தில் பிரச்சினை. விஷப்பாம்பின் குட்டிக்கு முட்டையை விட்டு வரும் நாளிலேயே விஷமும் பல்லும் தயார். கறுப்பு மாம்பா குட்டியே அரை மீட்டர் நீளம் இருக்கும். துப்பும் நாகத்தின் குட்டி ஒரு சாண் நீளத்திலேயே படமெடுத்துத் துப்பும். கண்ணில் பட்டால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவி, மருத்துவரிடம் போங்கள். 1957-ல் சிகாகோவில் கார்ல் ஷ்மிட் என்ற புகழ்பெற்ற பாம்பு நிபுணர் இறந்தது ஓர் இளம் பூம்ஸ்லாங் கடித்துத்தான். கடி சின்னதென்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் உயிர் இல்லை.

அடையாளத்தில் குழப்பம் சகஜம். பச்சையாக, ஒல்லியாக, சுவரில் ஏறுகிறதென்றால் பெரும்பாலும் விஷமில்லாத புதர்ப் பாம்பு. பச்சை மாம்பா என்று சொல்லி அதைத்தான் அதிகம் அடிக்கிறோம். பூம்ஸ்லாங் குட்டி பச்சையே இல்லை: சாம்பல் உடம்பு, தலைக்குப் பொருந்தாத பெரிய பச்சைக் கண், தொண்டையில் மஞ்சள். நைட் ஆடர் மாதிரியே முதுகில் கட்டம் போட்ட முட்டைத்தின்னி பறவை முட்டை தவிர எதையும் தின்னாது, பல்லும் இல்லை. ஆனால் வாயைத் திறந்து பாய்ந்து பயமுறுத்தும். இவற்றைப் பிரித்தறிவது அனுபவப்பட்டவர்களுக்கே சிரமம். நீளக் கைப்பிடித் துடைப்பமும் மூடியுள்ள பக்கெட்டும் இருக்கிறது என்பதற்காக நீங்களே பிடிக்க இறங்க வேண்டாம். அறைக் கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துண்டைத் திணித்து, பிடிப்பவர் வரும்வரை காத்திருங்கள்.

ஸ்டிலெட்டோ குட்டி மழை இரவில் முற்றத்துக்கு வரும். மண்புழு அளவில் பளபளக்கும் கறுப்பு. புழுப்பாம்பு என்று நினைத்துக் கையில் எடுத்துவிடுகிறார்கள். தலையின் பின்னால் எப்படிப் பிடித்தாலும் பக்கவாட்டில் பல்லை நீட்டிக் குத்தும். இதற்கு விஷமுறிவு மருந்தே கிடையாது, வலி தாங்க முடியாது, விரல் அழுகவும் செய்யும்.

கடித்துவிட்டால் வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு கட்டாதீர்கள், மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். ஆளை அசையவிடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடிக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். கடித்தது பூம்ஸ்லாங் என்று சந்தேகம் இருந்தால், ஆளுக்கு ஒன்றும் ஆகாதது போலத் தெரிந்தாலும், உள்ளே நுழைந்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள். பொது விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்யாது. தனி மருந்து இருக்கிறது. அதை வரவழைக்க வேண்டியிருக்கும்.